பிரிக்கும் கை யாருடையது?

ஆங்கிலத்தில் ‘சஸ்டெயினபிலிட்டி’ என வழங்கும் சொல் இன்று அரசு அறிக்கைகளிலும் கட்சி ஆவணங்களிலும் தவறாமல் இடம்பெறுகிறது. அதைத் தமிழாக்க முற்படும்போது நான்கு சொற்கள் முன்வந்து நிற்கின்றன: நிலைத்த, நீடித்த, வளங்குன்றா, பேண்தகு. இலக்கண நோக்கில் பார்த்தால் முதல் மூன்றும் ஒரு வகை; நான்காவது வேறு வகை. நிலைத்தல், நீடித்தல், குன்றாதிருத்தல் ஆகியவை தாமாக நிகழ்பவை; அவற்றுக்குச் செயப்படுபொருள் தேவையில்லை. பேணுதல் அப்படியன்று. பேணுபவர் ஒருவர் இருந்தாக வேண்டும். பேணப்படும் பொருள் ஒன்றும் இருந்தாக வேண்டும். சுருங்கச் சொன்னால், பேணுதல் என்பது உழைப்பு.

உழைப்பு என்று வந்துவிட்டால் மார்க்சியர் முதலில் கேட்க வேண்டியது, அது யாருடைய உழைப்பு என்பதே. அன்றாட வீட்டு வாழ்க்கையில் இயற்கையைப் பேணுவது குறித்த பேச்சு எங்கும் பெருகியுள்ள இந்நாளில், இக்கேள்வி மட்டும் கேட்கப்படாமலே விடப்படுகிறது. வீட்டுக் குப்பை என்ற ஒரே ஒரு பொருளை எடுத்துக்கொண்டு அதைத் தொடர்ந்து சென்று பார்ப்போம்.

எழுபத்தைந்து அறிவுரைகள்

2021 நவம்பரில் கிளாஸ்கோ பருவநிலை மாநாட்டில் பிரதமர் மோடி ‘சுற்றுச்சூழலுக்கான வாழ்க்கைமுறை’ என்ற முழக்கத்தை முன்வைத்தார். 2022 அக்டோபர் 20 அன்று குஜராத்தின் கேவடியாவில், ஐ.நா. பொதுச்செயலாளர் அந்தோனியோ குட்டெரெஸ் முன்னிலையில், அது ‘மிஷன் லைஃப்’ என்ற பெயரில் இயக்கமாகத் தொடங்கிவைக்கப்பட்டது. தனிமனிதர் கடைப்பிடிக்க வேண்டிய 75 செயல்கள் அதில் பட்டியலிடப்பட்டன. துணிப்பை எடுத்துச் செல்லுங்கள், சிக்னலில் வண்டியின் எஞ்சினை நிறுத்துங்கள், எல்இடி விளக்கைப் பயன்படுத்துங்கள் என அப்பட்டியல் நீள்கிறது.

இச்செயல்கள் எவற்றுக்கும் நாம் எதிரிகள் அல்லர். ஆனால் இந்நாட்டின் உழைக்கும் மக்களுடைய வீடுகள் இவற்றில் பெரும்பாலானவற்றை எந்த இயக்கமும் தொடங்கப்படுவதற்கு முன்பே கடைப்பிடித்து வருகின்றன. பழைய சேலை தூளியாகி, தூளி கிழிந்தபின் கரித்துணியாகும் வீடுகள் அவை. அக்காள் படித்த பாடநூலைத் தங்கை படிப்பாள். செய்தித்தாளும் பாட்டிலும் எடைக்குப் போகும். அங்கே சிக்கனம் ஒரு கொள்கையன்று. வருமானம் விதித்த கட்டளை. சராசரி அமெரிக்கர் ஒருவரால் வெளியாகும் கரியமில வாயு, சராசரி இந்தியர் ஒருவரால் வெளியாவதைப் போல ஏறத்தாழ ஏழு மடங்கு. அந்தச் ‘சராசரி இந்தியர்’ என்ற எண்ணுக்குள்ளும் சொந்த விமானம் வைத்திருப்பவரும் நடைபாதையில் உறங்குபவரும் ஒன்றாகவே கூட்டி வகுக்கப்படுகின்றனர்.

பொறுப்பை உற்பத்தியாளரிடமிருந்து வீட்டுக்கு மாற்றும் இந்த உத்தி புதியதன்று. 1953இல் அமெரிக்காவின் வெர்மாண்ட் மாநிலம், திரும்பப் பயன்படுத்த இயலாத பாட்டில்களில் பீர் விற்பதைத் தடைசெய்தது. அதே ஆண்டில் பாட்டில், தகரக்குவளை உற்பத்தியாளர்கள் முன்னின்று ‘அமெரிக்காவை அழகாக வைத்திருப்போம்’ என்ற அமைப்பை உருவாக்கினர். தூக்கியெறியும் பொருளை உற்பத்தி செய்பவர் அல்லர், தெருவில் வீசும் மனிதரே குற்றவாளி என்ற கருத்து அவ்வமைப்பின் விளம்பரங்கள் வழியே வேரூன்றியது. வெர்மாண்டின் தடையோ சில ஆண்டுகளில் காலாவதியாக விடப்பட்டது. ‘கரிமத் தடம்’ என்ற சொல்லாட்சியை உலகெங்கும் பரப்பியதில் பிரிட்டிஷ் எண்ணெய் நிறுவனமான பி.பி.க்குப் பெரும் பங்குண்டு. நம் கரிமத் தடத்தை நாமே கணக்கிட்டுக்கொள்ளும் கருவியை 2004இல் அது வெளியிட்டது. எண்ணெய் தோண்டுபவர் கணக்குப் பார்க்கக் கற்றுத்தந்தார். கணக்கு நம் பெயரில் எழுதப்பட்டது.

பாதி உண்மையின் ஆபத்து

இதைப் புரிந்துகொண்ட தோழர்களிடம் மற்றொரு மனப்போக்கும் காணப்படுகிறது. ‘சூழல் கேட்டுக்கு முதலாளித்துவமே காரணம், நான் என் வீட்டுக் குப்பையைப் பிரித்தால் என்ன, பிரிக்காவிட்டால் என்ன?’ என்பதே அது. முதற்பாதி முற்றிலும் உண்மை. இரண்டாம் பாதி அந்த உண்மையிலிருந்து பிறப்பதன்று. அது ஒரு வசதி.

வீட்டில் பிரிக்கப்படாத குப்பை பிரிக்கப்படாமலே இருந்துவிடுவதில்லை. அதை வேறொருவர் பிரிக்கிறார். சாம்பார் வழியும் பையைத் திறந்து, அதற்குள் கிடக்கும் பால் உறையையும் உடைந்த கண்ணாடியையும் காலாவதியான மாத்திரையையும் குழந்தையின் டயபரையும் தனித்தனியே எடுப்பவர் ஒருவர் இருக்கிறார். பெரும்பாலும் அவருடைய கையில் உறை இல்லை. பெரும்பாலும் அவர் தலித். மிகப் பல ஊர்களில் பெண். மாநகராட்சியின் நேரடி ஊழியராக இருந்தவர் இன்று ஒப்பந்ததாரரின் ஆளாகியிருக்கிறார். அல்லது எந்தப் பதிவேட்டிலும் இல்லாத குப்பை பொறுக்கும் தொழிலாளியாக இருக்கிறார்.

ஆகவே, குப்பையைப் பிரிப்பதா வேண்டாமா என்ற கேள்வியே நம் முன் இல்லை. அதை எங்கே, எந்த நிலையில், யாருடைய கை பிரிப்பது என்பதே கேள்வி. சமையலறையில் பிரித்தால் சில நொடி வேலை. குப்பை மேட்டில் பிரித்தால் வெட்டுக்காயமும் தோல்நோயும் மூச்சுத்திணறலும். சாதியை எதிர்ப்பதாகச் சொல்லும் ஒரு வீடு, தன் எச்சிலைத் தொடும் வேலையைப் பிறப்பால் ஒதுக்கப்பட்டவர் கையில் ஒவ்வொரு காலையும் ஒப்படைத்துக்கொண்டிருக்க முடியாது. பருவநிலை மாறுமா என்பதற்கு முன்பே, இந்த ஒரு காரணம் போதுமானது.

மேடாகும் நகரங்கள்

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 2020-21ஆம் ஆண்டுக் கணக்கின்படி, இந்திய நகரங்களில் நாளொன்றுக்குச் சேரும் திடக்கழிவு ஏறத்தாழ 1,60,000 டன். இதில் பாதியளவே பதப்படுத்தப்பட்டது. எஞ்சியதில் ஒரு பகுதி மேடுகளுக்குப் போகிறது. கிழக்கு தில்லியின் காஜிப்பூர் மேடு 1984இல் தொடங்கியது. 2002லேயே கொள்ளளவை எட்டிவிட்டது. அதன்பின்னும் குப்பை கொட்டப்பட்டுக்கொண்டே இருந்தது. 2017 செப்டம்பர் 1 அன்று மேட்டின் ஒரு பகுதி சரிந்து, சாலையில் சென்ற வண்டிகளைக் கால்வாய்க்குள் தள்ளியது, இருவர் உயிரிழந்தனர். நம் நகரக் குப்பையில் பாதியளவு ஈரக்குப்பை. காற்றுப் புகாத மேட்டுக்குள் அது அழுகும்போது மீத்தேன் உருவாகிறது. கோடையில் இம்மேடுகள் தீப்பிடிப்பதற்கு இதுவே முக்கியக் காரணம்.

‘எரித்து மின்சாரம் எடுக்கலாம்’ என்ற தீர்வைத் தனியார் நிறுவனங்கள் முன்வைக்கின்றன. 2012 முதல் இயங்கும் தில்லி ஓக்லா ஆலையின் புகைக்கு எதிராகச் சுற்றுப்புற மக்கள் நீண்டகாலமாகப் போராடி வருகின்றனர். ஈரக்குப்பை எளிதில் எரியாது. எரிவது காகிதமும் பிளாஸ்டிக்கும். அவையோ குப்பை பொறுக்கும் தொழிலாளியின் வாழ்வாதாரம். அவரிடமிருந்து பறித்து உலையில் இடுவதற்கு ஒப்பந்ததாரருக்குப் பொதுப்பணம் தரப்படுகிறது.

மாற்று வழியைத் தொழிலாளரே காட்டியிருக்கின்றனர். புணேயில் 1993இல் குப்பை பொறுக்கும் தொழிலாளர்கள் ‘காகத் காச் பத்ரா கஷ்டகரி பஞ்சாயத்’ என்ற சங்கத்தை அமைத்தனர். காகிதம், கண்ணாடி, தகரம் ஆகியவற்றில் உழைப்போரின் அமைப்பு என்பது அப்பெயரின் பொருள். அச்சங்கத்திலிருந்து பிறந்த ‘ஸ்வச்’ கூட்டுறவு, 2008இல் மாநகராட்சியுடன் ஒப்பந்தம் செய்துகொண்டது. உறுப்பினர்களில் பெரும்பாலோர் தலித் பெண்கள். வீடு வீடாகச் சென்று பிரித்த குப்பையைப் பெறுகின்றனர்; அதற்கு வீடுகள் கட்டணம் தருகின்றன; மறுசுழற்சிப் பொருளை விற்கும் உரிமையும் தொழிலாளருக்கே. 2013இல் இவர்கள் நடத்திய போராட்டம் ஒன்று நினைவுகொள்ளத்தக்கது. பயன்படுத்தப்பட்ட சானிட்டரி நாப்கின்களையும் டயபர்களையும் பைகளில் கட்டி, அவற்றைத் தயாரித்த நிறுவனங்களுக்கே அனுப்பிவைத்தனர். ‘இதை உருவாக்கி இலாபம் ஈட்டியவர் நீங்கள், இதைக் கையால் தொடுபவர் நாங்கள்’ என்பதே அச்செயலின் பொருள். நாப்கினுடன் அப்புறப்படுத்துவதற்கான உறையையும் நிறுவனங்கள் சேர்த்துத் தருவது பற்றி 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் பேசின. அதன் பின்னே இத்தகைய குரல்கள் உள்ளன.

மண்ணுக்குத் திரும்ப வேண்டியது

‘குப்பை’ என்ற சொல்லுக்குத் தமிழில் குவியல் என்பதும் பொருள். உழவர் வாயில் அது எருவையும் குறிக்கும். வயலுக்குக் குப்பை அடிப்பது என்றால் நிலத்துக்கு உணவிடுவது. நகரத்தார் வாயில் அதே சொல் வேண்டாத பொருளாகிவிட்டது. இந்தப் பொருள் மாற்றத்தின் பின்னே ஒரு வரலாறு உண்டு. நிலத்திலிருந்து நகரத்துக்கு வரும் உணவு, கழிவாகி மீண்டும் நிலத்துக்குத் திரும்பும் சுற்று அறுந்துபோன வரலாறு அது.

அச்சுற்று அறுபட்டதை மார்க்ஸ் தம் காலத்திலேயே கண்டார். வேளாண் வேதியியலாளர் லீபிக்கின் ஆய்வுகளை ஊன்றிப் படித்த அவர், முதலாளித்துவ வேளாண்மை தொழிலாளியை மட்டுமன்றி மண்ணையும் கொள்ளையடிக்கிறது என்ற முடிவுக்கு வந்தார். இலண்டனின் நாற்பத்தைந்து இலட்சம் மக்களுடைய கழிவை, பெரும் பொருட்செலவில் தேம்ஸ் ஆற்றைக் கெடுக்கவே பயன்படுத்தத் தெரிந்த அமைப்பை மூலதனத்தின் மூன்றாம் தொகுதியில் சாடுகிறார். அதே தொகுதியில், எந்தச் சமுதாயமும் பூமியின் உடைமையாளர் அன்று. அதை மேம்பட்ட நிலையில் அடுத்த தலைமுறைக்கு ஒப்படைக்க வேண்டிய பயனாளர் மட்டுமே என்கிறார். அதை விளக்க அவர் கையாளும் உவமை, நல்ல குடும்பத் தலைவர். வீட்டைப் பேணுவதும் உலகைப் பேணுவதும் அவர் சிந்தனையில் அவ்வளவு நெருங்கியிருந்தன.

நடைமுறையில் இது கடினமானதன்று. காய்கறித் தோலும் தேயிலைச் சக்கையும் மிஞ்சிய உணவும் பிளாஸ்டிக் பையில் கட்டப்படாமல் தனி வாளியில் சேர வேண்டும். பால் உறை போன்றவை அலசி உலர்த்தப்பட்டு இரண்டாம் வாளிக்குப் போக வேண்டும். நாப்கின், மருந்து, பேட்டரி, உடைந்த கண்ணாடி ஆகியவை தனியே கட்டிக் குறியிடப்பட வேண்டும். 2016ஆம் ஆண்டின் விதிகள் கேட்டதும் இந்த மூவகைப் பிரிப்பையே. பால்கனியில் இடமிருந்தால், துளையிட்ட மண்பானையில் ஈரக்குப்பை ஓர் அடுக்கு, காய்ந்த இலை அல்லது தேங்காய்நார்க் கழிவு ஓர் அடுக்கு என இட்டு, பழைய எரு ஒரு கைப்பிடி தூவினால் போதும். ஏறத்தாழ மூன்று மாதத்தில் உரமாகும். நாற்றம் வந்தால் ஈரம் மிகுந்துவிட்டது என்று பொருள். இன்னும் கொஞ்சம் காய்ந்த இலை சேர்க்க வேண்டும். இடமில்லாத வீடுகளுக்கு இது இயலாது. ஓர் அறையில் ஐவர் வாழும் குடும்பத்திடம் மண்பானை வைக்கச் சொல்வது அறிவுரையன்று, ஏளனம். அங்கேதான் பொது ஏற்பாடு தேவைப்படுகிறது.

ஆலப்புழை கற்பித்தவை

கேரளத்தின் ஆலப்புழை நகரம் தன் குப்பையை அருகிலுள்ள மாராரிக்குளம் தெற்கு ஊராட்சியின் சர்வோதயபுரத்தில் கொட்டிவந்தது. 2012இல் அவ்வூர் மக்கள் வண்டிகளை மறித்தனர். நகரத் தெருக்களிலும் கால்வாய்களிலும் குப்பை குவிந்தது. வேறு ஊரைத் தேடாமல், குப்பையை உருவாகும் இடத்திலேயே உரமாக்குவது என்ற முடிவு எடுக்கப்பட்டது. அப்போது சட்டமன்ற உறுப்பினராக இருந்த தோழர் தாமஸ் ஐசக் முன்னின்ற ‘நிர்மல பவனம், நிர்மல நகரம்’ இயக்கம் அவ்வாண்டில் தொடங்கியது. வீடுகளுக்குக் குழாய் உர அமைப்பும் சிறு சாண எரிவாயுக் கலன்களும் மானிய விலையில் தரப்பட்டன. இடமற்றோருக்காகத் தெருக்களில் தும்பூர்முழி முறையிலான பொது உரத்தொட்டிகள் கட்டப்பட்டன. முன்பு குப்பை வீசப்பட்ட அதே மூலைகளில் அவை நிறுவப்பட்டன. 2017இல் ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு, திடக்கழிவு மேலாண்மையில் முன்மாதிரியான ஐந்து நகரங்களுள் ஒன்றாக ஆலப்புழையைக் குறிப்பிட்டது.

மாநிலம் முழுவதும் உலர் குப்பையைச் சேகரிக்கும் பணி, குடும்பஸ்ரீ பெண்களைக் கொண்ட ஹரித கர்ம சேனையிடம் ஒப்படைக்கப்பட்டது. அலசிய பிளாஸ்டிக்கை வீட்டு வாசலில் பெற்றுக்கொள்ளும் இவர்களுக்கு வீடுகள் மாதக் கட்டணம் செலுத்த வேண்டும். ஊராட்சிகளில் அது 50 ரூபாய் என்ற அளவில் அமைந்தது. அதைத் தர மறுத்து வாதிட்ட படித்த குடும்பங்களும் உண்டு. 2023 ஜூலையில் பரப்பனங்காடி நகராட்சியின் ஹரித கர்ம சேனைப் பெண்கள் பதினொருவருக்குக் கேரள லாட்டரியில் 10 கோடி ரூபாய் பரிசு விழுந்தது. நாடே மகிழ்ந்த அச்செய்திக்குள் மற்றொரு செய்தியும் இருந்தது. 250 ரூபாய்ச் சீட்டு ஒன்றை வாங்கப் பதினொரு பெண்கள் காசு சேர்க்க வேண்டியிருந்தது.

வெற்றியை மட்டும் எழுதிவிட்டு நகர்வது நமக்கு உதவாது. 2023 மார்ச் 2 அன்று கொச்சியின் பிரம்மபுரம் குப்பைக் கிடங்கில் பற்றிய தீ ஏறத்தாழ பன்னிரண்டு நாட்கள் நகரைப் புகையில் மூழ்கடித்தது. மாநிலத்திலும் மாநகராட்சியிலும் அப்போது பொறுப்பில் இருந்தவர்கள் இடதுசாரிகளே. மாநகராட்சிக்குத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 100 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. ஒரே மாநிலம், ஒரே முன்னணி. குப்பை உருவாகும் இடத்தில் மக்களைத் திரட்டிய ஊரில் ஒரு விளைவு. ஊருக்கு வெளியே குவித்து மறந்த இடத்தில் வேறொரு விளைவு. கொடியின் நிறம் மட்டும் குப்பையை உரமாக்கிவிடாது.

வீட்டுக்குள் உள்ள உழைப்புப் பிரிவினை

இனி வீட்டுக்குள் திரும்புவோம். ஒன்றிய அரசின் 2024ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமற்ற வீட்டுப் பணிகளில் ஈடுபடும் பெண்கள் அவற்றுக்குச் செலவிடுவது நாளொன்றுக்குச் சராசரியாக 289 நிமிடங்கள். அவ்வாறு ஈடுபடும் ஆண்கள் செலவிடுவது 88 நிமிடங்கள். பிரிப்பது, அலசுவது, உலர்த்துவது, உரப்பானையைக் கிளறுவது, துணி நாப்கினைத் துவைப்பது என்று பசுமை வாழ்க்கை கோரும் ஒவ்வொரு வேலையும், யாரும் தீர்மானிக்காமலே, 289இன் பக்கத்தில் போய்ச் சேருகிறது. தெருவில் தொழிலாளியின் தோளில் ஏற்றிய சுமையை இறக்கி வீட்டில் மனைவியின் தோளில் ஏற்றுவது தீர்வாகாது.

சிறு வீட்டுவேலைகள் பெண்ணை நசுக்கி அடிமைப்படுத்துவதை லெனின் 1919இல் எழுதிய ‘மாபெரும் தொடக்கம்’ கட்டுரை கடுமையாகக் கண்டிக்கிறது. பொது உணவகங்களையும் குழந்தைகள் காப்பகங்களையும் கம்யூனிசத்தின் இளந்தளிர்களாக அது காண்கிறது. தெருவின் பொது உரத்தொட்டியையும் அவ்வரிசையில் சேர்க்கலாம். ஆயினும் அத்தொட்டி வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. கட்சி உறுப்பினரான ஆண் தோழர்கள், வீட்டுக் குப்பையின் பொறுப்பைத் தாமே முழுமையாக ஏற்கலாம். ‘உதவி’ செய்வது வேறு, பொறுப்பேற்பது வேறு. வாளி நிறைந்ததா என்று நினைவு வைத்திருப்பதும் உழைப்பே.

கோரிக்கையும் நடைமுறையும்

வீட்டு நடைமுறை அரசியல் கோரிக்கைக்கு மாற்றன்று; அதற்கு உரம். பிரித்துக் கொடுத்த குப்பை ஒரே லாரியில் மீண்டும் கலக்கப்படுவதைக் கண்ணால் கண்ட குடும்பமே, மாநகராட்சியைக் கேள்வி கேட்கும் தார்மிக வலுவைப் பெறுகிறது. அக்கோபத்தை அமைப்பாக்குவதே நம் வேலை.

நாம் முன்வைக்க வேண்டியவை தெளிவானவை. தூய்மைப் பணியில் ஒப்பந்தமுறை ஒழிக்கப்பட வேண்டும். நிரந்தர வேலையும் கையுறை, காலணி, மருத்துவப் பாதுகாப்பும் உறுதிசெய்யப்பட வேண்டும். குப்பை பொறுக்கும் தொழிலாளரைப் பதிவுசெய்து, கூட்டுறவாக அமைத்து, மறுசுழற்சிப் பொருளின் மீதான அவர்களுடைய உரிமையைக் காக்க வேண்டும். வார்டுதோறும் பொது உரக்கூடம் வேண்டும். எரிஉலைகளுக்குச் செல்லும் பொதுப்பணம் அதற்குத் திருப்பிவிடப்பட வேண்டும். தூக்கியெறியும் உறைகளை உற்பத்தி செய்யும் நிறுவனங்கள், அவற்றைத் திரும்பப் பெறும் செலவை முழுமையாக ஏற்க வேண்டும். அத்தொகை சேகரிக்கும் தொழிலாளியின் கூலியாகச் சென்றுசேர வேண்டும்.

இவற்றை உள்ளாட்சி மன்றங்களில் எழுப்புவதற்கு முன் செய்யக்கூடியது ஒன்று உண்டு. அடுத்த கிளைக் கூட்டத்துக்கு நம் பகுதியில் குப்பை எடுக்கும் தொழிலாளரை அழைப்போம். தோழர்கள் வாழும் வீடுகளிலிருந்து குப்பை எந்த நிலையில் வருகிறது என்று அவர்களிடமே கேட்போம். அவர்கள் சொல்லும் பதிலைக் கூட்டக் குறிப்பேட்டில் அப்படியே பதிவுசெய்வோம். மூன்று மாதம் கழித்து மீண்டும் அவர்களை அழைத்து, அதே கேள்வியைக் கேட்போம்.